தமிழில் இருதயம் கற்பித்த கிறீன் வைத்தியர்

பளை போன்ற ஊர்களில் கால்கள் வீங்கி, வயிறு பெருத்து, சிறிது தூரம் நடந்தாலே களைத்துப்போகும் ஒருவரைக் கண்டால், சிறுநீரகக் கோளாறு என்றோ ஈரல் நோய் என்றோ அயலவர் கூறிவிடுவர். அது இருதயத்தின் வலப்புறத்திலுள்ள முக்கூர் வால்வின் பழுதாகவும் இருக்கலாம் என்பதைப் பலர் அறியார். பெரிய வைத்தியசாலைக்குச் சென்று திரும்பும் நோயாளியின் கையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட துண்டு இருக்கும். நோய் எதுவென்ற தெளிவு மனதில் இராது. இந்நிலையை எண்ணும்போதெல்லாம் நாம் நினைவுகூர வேண்டியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் நிலைகொண்டார். நோயாளரைப் பார்ப்பதோடு அமையாது, உள்ளூர் இளைஞர்க்கு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பிக்கவும் தொடங்கினார். அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆயின் ஆங்கிலம் கற்ற வைத்தியர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்ல, கிராமங்கள் வைத்தியரின்றியே இருந்தன. தாயகம் சென்று 1862இல் மணம் முடித்துத் துணைவியாருடன் மீண்டும் வந்த கிறீன், அதன்பின் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலக் கல்வியே உயர்வு தருமென எண்ணியவர்கள் இதனை விரும்பவில்லை. அவரோ தம் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். தமிழ் மாணாக்கரின் துணையோடு அவர் இரண்டையும் ஆக்கினார். முதலில் தமிழ்ச் சொல், அது கிடையாவிடின் வடசொல், அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் தருவது என்பது அவர் கைக்கொண்ட முறை. மகப்பேற்று மருத்துவம், இரண வைத்தியம், இரசாயனம் எனத் துறைதோறும் நூல்கள் வெளிவந்தன. ஆங்கில மாணவர் உடற்கூறு பயின்ற கிறேயின் பெருநூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரில் தமிழில் வந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. 1884இல் அவர் மறைந்தபோது, தமிழரின் மருத்துவப் பணியாளராகவே அவர் கல்லறையில் குறிக்கப்பட்டார். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் உள்ளது.

அறிவு தன் மொழிக்கு வருவதன் பயன் யாது என்பதற்கு இஸ்லாமிய உலகிலேயே சான்று உண்டு. இருதயத்தின் வலப்பக்கக் குருதி நடுச்சுவரின் நுண்துளைகளூடாக இடப்பக்கம் செல்கிறதென்று கிரேக்க மருத்துவர் கேலன் கூறியிருந்தார். அந்நூல்கள் அரபு மொழிக்கு வந்தமையாலேயே, 13ஆம் நூற்றாண்டில் டமஸ்கசில் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அல்-நபீஸ் அக்கூற்றை ஆராய்ந்து மறுத்தார். அச்சுவரில் துளையில்லை, குருதி நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகிறது என்று அவர் நிறுவினார். சொந்த மொழியில் கற்றவனே துணிந்து கேள்வி கேட்கிறான் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அந்த வலப்பக்கப் பாதையின் வாயிற்கதவே முக்கூர் வால்வு. வலது சோணையறையிலிருந்து வலது இதயவறைக்குச் செல்லும் குருதி திரும்பிவராது தடுப்பது அதன் தொழில். சிறு வயதில் தொண்டை நோயைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் பெரும்பாலும் இடப்பக்க வால்வைத் தாக்கும். அதனால் நுரையீரலில் அமுக்கம் கூடி, வலது இதயவறை விரிந்து, முக்கூர் வால்வு மூட இயலாது கசியும். பின்னோக்கித் தேங்கும் குருதியே கால் வீக்கத்துக்கும் ஈரல் வீக்கத்துக்கும் காரணமாகிறது. பழுதான இடப்பக்க வால்வைச் சத்திரசிகிச்சையால் சீராக்கும்போதே முக்கூர் வால்வைச் சுற்றி வளையம் பொருத்தி இறுக்குவது நெடுநாள் வழக்கம். நெஞ்சைத் திறவாது, தொடை நாளத்தின் வழியே கதீற்றரைச் செலுத்தி வால்வின் இதழ்களைக் கவ்வி இணைக்கும் சாதனத்துக்கும், புதிய வால்வைப் பொருத்தும் சாதனத்துக்கும் 2024இல் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது.

இச்சாதனங்கள் பெருஞ்செலவு பிடிப்பவை. ஆனால் வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வைத்தியர் குறித்த காலம்வரை பெனிசிலின் ஊசியைத் தவறாது போடுவித்தால், அந்நோய் மீண்டும் வந்து வால்வுகளை மேலும் சிதைப்பதைப் பெரிதும் தடுக்கலாம். பிள்ளை நன்றாக ஓடித்திரிகிறதே என்று பெற்றோர் ஊசியை நிறுத்திவிடுவது அலட்சியத்தால் அன்று. காரணம் அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படாமையால்.

கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அதனை உடனே மீட்டெடுத்தல் இயலாதிருக்கலாம். ஆனால் வைத்தியசாலைத் துண்டிலே நான்கு வரி தமிழில் எழுதுவது இயலாத காரியமன்று. கடல் கடந்து வந்த ஒருவர் நமக்காகச் சொல் தேடினார். அச்சொற்களை நோயாளியின் கையில் சேர்ப்பிப்பது நமது மருத்துவர்களின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை.