நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்ட சந்திரசேகர்



மாசி மாதத்தில் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு நமது சிவகிரியில் வீட்டு முற்றத்தில் நின்று தெற்கே அண்ணாந்து பாருங்கள். மற்ற நட்சத்திரங்களையெல்லாம் விடப் பிரகாசமாய் ஒன்று மின்னும். அதன் பெயர் சிரியஸ். அதற்கு ஒரு துணை உண்டு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஏறக்குறைய சூரியனுடைய எடையெல்லாம் பூமியளவே உள்ள உருண்டைக்குள் அடங்கியிருக்கும் அதிசயம் அது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப் போன நட்சத்திரம். இத்தகையவற்றை வெள்ளைக் குள்ளன் என்பார்கள். எல்லா நட்சத்திரங்களும் இப்படித்தான் அடங்குமா? இக்கேள்விக்கு விடை கண்டவர் நமது நாட்டு வாலிபர் ஒருவர்.

அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை ரயில்வே கணக்கு இலாகாவில் உத்தியோகஸ்தர். விஞ்ஞானி சர் சி. வி. ராமன் இவருக்குச் சிறிய தகப்பனார். தாயார் சீதாலட்சுமி பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததோடு, நார்வே தேசத்து நாடகாசிரியர் இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியும் தந்தவர். குடும்பம் சென்னைக்கு வந்தபின் சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்.

1930-இல் இங்கிலாந்தில் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால் தாயாரோ கடும் நோயில் கிடந்தார். போனால் திரும்ப அவர் முகத்தைக் காண்போமா என்று மகன் தயங்கினார். நீங்களே சொல்லுங்கள், எந்தத் தாய் அப்போது மகனைப் பிரிய விரும்புவாள்? அந்த அம்மையாரோ, தம் பொருட்டு மகனின் வாழ்வு தடைபடலாகாது என்று வற்புறுத்தி அனுப்பிவைத்தார். அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார், பத்தொன்பது வயது வாலிபர். அடுத்த ஆண்டே தாயார் காலமானார். மகன் அவரை மறுபடி காணவேயில்லை.

கப்பற் பிரயாணத்தில் அவர் சும்மா இருக்கவில்லை; காகிதமும் பென்சிலுமாய்க் கணக்குப் போட்டார். நட்சத்திரத்தின் நடுவே ஹைட்ரஜன் ஹீலியமாக மாறி வெப்பம் பிறக்கிறது. அதன் சொந்தப் பாரம் அதை உள்ளே அமுக்க, வெப்பம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாய் இருக்கும் வரை நட்சத்திரம் நிலைக்கும். எரிபொருள் தீர்ந்ததும் பாரம் வெல்லும், நட்சத்திரம் சுருங்கும். அப்போது நெருக்குண்ட எலெக்ட்ரான்கள் எதிர்த்து நின்று தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தத் தாங்கும் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு என்று சந்திரசேகர் கண்டார். பின்னர் திருத்தமாய்க் கணக்கிட்டதில், அந்த எல்லை சூரியனின் எடையைப் போல் சுமார் 1.4 மடங்கு. மிஞ்சி நிற்கும் கரு அதற்கு மேற்பட்டதானால் வெள்ளைக் குள்ளனாய் அடங்காது. மேலும் இடிந்து விழும்.

1935 ஜனவரி 11-ஆம் நாள் லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் இதை அவர் எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் உலகப் புகழ் பெற்ற சர் ஆர்தர் எடிங்டன். சந்திரசேகரின் வேலையை அன்போடு விசாரித்து வந்த அதே பெரியவர், சபை நடுவே அவர் முடிவைப் பரிகசித்துத் தள்ளினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். பெரிய பௌதிக அறிஞர் சிலர் சந்திரசேகர் சொன்னதே சரி என்று தனியே ஒத்துக்கொண்டும், வெளிப்படையாய்ச் சொல்ல முன்வரவில்லை.

உங்கள் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்? சந்திரசேகர் தம் கணக்கைக் கைவிடவுமில்லை, சண்டைக்குப் போகவுமில்லை. 1937-இல் அமெரிக்காவில் சிகாகோ சர்வகலாசாலையில் சேர்ந்தார். 1939-இல் தாம் கண்டதையெல்லாம் ஒரு நூலாக எழுதி முடித்து, வேறு ஆராய்ச்சியில் இறங்கினார். எடிங்டனோடு கொண்ட நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1944-இல் எடிங்டன் மறைந்தபோது, அவரை அக்காலத்து வானியலாரில் தலைசிறந்தவர்களுள் ஒருவராகப் போற்றி இரங்கலுரை ஆற்றியவர் இந்தச் சந்திரசேகரே!

காலம் உண்மையை வெளிப்படுத்தியது. 1967-இல் துடிக்கும் நட்சத்திரங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கனத்த நட்சத்திரங்கள் இடிந்து விழுந்து நியூட்ரான் நட்சத்திரமாகவோ, ஒளியும் தப்ப முடியாத கருந்துளையாகவோ முடியும் என்பது தெளிவாயிற்று. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. கப்பலில் கணக்குப் போட்டு ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன! 1995 ஆகஸ்டு 21-ஆம் நாள் சிகாகோவில் காலமானார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-ரே தொலைநோக்கி ஒன்று சந்திரா என்று அவர் பெயரையே தாங்கியது.

பெற்றோரே, மாசி மாதத்தில் அந்த நட்சத்திரத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நோய்ப் படுக்கையிலிருந்து மகனை வழியனுப்பிய தாயைப் பற்றியும், சபையில் அவமானம் பட்டும் உண்மையை விடாமல், பகையும் கொள்ளாமல் வாழ்ந்த மகனைப் பற்றியும் சொல்லிக்கொடுங்கள்.