எறிந்த பொருளின் பாதையைக் கண்ட கலிலியோ



செம்பனைக் காட்டில் குலை ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலருக்கு அதுதான் அன்றாட வேலை. இரும்புக் கம்பியால் குலையைக் குத்தித் தூக்கி ஒரு வீசு வீசினால், அது மேலே எழும்பி, வளைந்து, லாரிக்குள் தொப்பென்று விழும். அந்த வளைவுக்குப் பரவளைவு என்று பெயர். இடைநிலைப்பள்ளியில் படிவம் 4-இல் பராபோலா என்று சொல்லிக் கொடுப்பார்கள். நம் பிள்ளைகளில் பலர் அந்த இடத்தில்தான் கணக்குக்கே ஒரு கும்பிடு போட்டுவிடுகிறார்கள். நானும் அங்கே ஓடப் பார்த்த ஆள்தான். ஆகவே எறிந்த பொருள் ஏன் அப்படி வளைகிறது என்று காட்டிய பெரியவரின் வரலாற்றை இந்த மலரில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

கலிலியோ 1564 பிப்ரவரி 15-ஆம் நாள் இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். தகப்பனார் வின்சென்சோ இசைக் கலைஞர். பெயர் பெரிது, வருமானம் சிறிது. மகன் டாக்டராகிவிட்டால் குடும்பம் தலைநிமிரும் என்று 1581-இல் மருத்துவம் படிக்க அனுப்பினார். (இந்த ஆசை நம் தோட்டத்துக்கு மட்டும் சொந்தம் இல்லை, பாருங்கள்!) ஆனால் பையனின் மனம் கணக்கில் போய் ஒட்டிக்கொண்டது. 1585-இல் பட்டம் எதுவும் வாங்காமலே படிப்பை விட்டு வெளியே வந்தார். அன்று அக்கம்பக்கத்தார் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம்.

நாலு வருடம் கழித்து அதே பீசாவில் கணக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. சொற்பச் சம்பளம். 1591-இல் தகப்பனார் காலமானார். மூத்த பிள்ளை என்பதால் குடும்பச் சுமையும் தங்கைகளின் சீதனக் கடனும் அவர் தலையில் விழுந்தன. 1592-இல் பதுவா நகருக்கு மாறினார். அங்கேயும் சம்பளம் போதவில்லை. மாணவர்களை வீட்டிலேயே தங்கவைத்துத் தனிப்பாடம் நடத்தினார். அளவுக்கருவிகள் செய்து விற்றார். அந்த நெருக்கடியில்தான் அவருடைய ஆகச் சிறந்த வேலையும் நடந்தது.

விழுகிற பொருள் எப்படி விழுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, அத்தனை வேகம். ஆகவே ஒரு நீளப் பலகையில் காடி எடுத்து, அதை வழவழப்பாக்கி, ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்து, குண்டை உருட்டிவிட்டார். நேரத்தை அளக்க நல்ல கடிகாரம் கிடையாது. ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, வடிந்த தண்ணீரைத் தராசில் நிறுத்து நேரத்தைக் கணக்கிட்டார். ஒரு பங்கு நேரத்தில் குண்டு 1 பங்கு தூரம் போனால், இரண்டு பங்கு நேரத்தில் 4 பங்கு, மூன்று பங்கு நேரத்தில் 9 பங்கு. நேரத்தின் வர்க்கம்தான் தூரம்.

1608 வாக்கில் குண்டைச் சாய்வில் உருட்டி, மேசை விளிம்பிலிருந்து பாயவிட்டு, அது தரையில் விழும் தூரத்தை அளந்தார். குறுக்கே போகிற வேகம் மாறுவதில்லை. கீழே இறங்குகிற வேகம்தான் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது பரவளைவு. காற்றின் தடை இதைக் கெடுக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். கனமான குலைக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் நம் பையன்கள் ஆடுகிற பூப்பந்து பாதி வழியில் வேகம் இழந்து செங்குத்தாக விழுகிறதே, அது காற்றின் வேலை.

இப்போது பென்சிலும் கட்டம் போட்ட தாளும் எடுங்கள். குறுக்கே 0 முதல் 6 வரை எண்களை எழுதுங்கள். ஒவ்வோர் எண்ணையும் 6-ஆல் பெருக்கி, அதிலிருந்து அதே எண்ணின் வர்க்கத்தைக் கழியுங்கள். வருவது உயரம். 0-க்கும் 6-க்கும் உயரம் 0. அவைதான் தரையைத் தொடும் இடங்கள். இரண்டுக்கும் நடுவே, 3-இல், மேலிருந்து கீழே ஒரு கோடு இழுங்கள். அதுதான் சமச்சீர் அச்சு. தாளை அங்கே மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். 3-இல் உயரம் 9, அதுவே உச்சி. வர்க்கத்தைக் கழிக்கிறோம் அல்லவா, அதனால் வளைவு கவிழ்த்த கிண்ணம்போல் வரும்; கூட்டினால் நிமிர்ந்த கிண்ணம். மற்ற உயரங்கள் 5, 8. மறுபக்கம் 8, 5. ஒரு பக்கம் கணக்குப் போட்டால் மறுபக்கம் இலவசம்!

புள்ளிகளைச் சேர்க்கும்போது ரூலர் வேண்டாம். படிக்கிற காலத்தில் நான் ரூலர் வைத்துச் சேர்த்து, கூரான உச்சியோடு ஜெராய் மலை மாதிரி ஒன்றை வரைந்து முட்டை வாங்கினேன். தாளைத் திருப்பி, மணிக்கட்டு உள்பக்கம் இருக்கும்படி, ஒரே வீச்சில் மெதுவாக வரையவேண்டும். உச்சி உருண்டையாக இருக்கவேண்டும்.

வரைந்தாயிற்றா? உச்சியிலிருந்து ஒரு கட்டம் தள்ளிப் போனால் எத்தனை இறங்குகிறது? 9-லிருந்து 8-க்கு, ஆக 1. இரண்டு கட்டம் தள்ளினால் 4. மூன்று கட்டம் தள்ளினால் 9. அட, பலகையில் உருண்ட குண்டின் அதே 1, 4, 9! இது எனக்குப் பிடிபட்டது ஆசிரியர் பயிற்சியெல்லாம் முடித்து, வகுப்பில் நின்று கரும்பலகையில் வரையும்போதுதான். சமன்பாட்டை எழுத்தால் எழுதி வளைவைப் படிக்கும் முறையை டெக்கார்ட் 1637-இல்தான் அச்சில் கொடுத்தார். கலிலியோ அதெல்லாம் இல்லாமல், விகிதங்களைக் கொண்டே இதைச் செய்தார்.

தொலைநோக்கியால் வியாழனின் நான்கு நிலாக்களை 1610-இல் கண்டதும், பூமிதான் சுற்றுகிறது என்று வாதாடியதற்காக 1633-இல் ரோம் நகரில் சமய நீதிமன்றம் அவரைத் தண்டித்ததும் பலருக்குத் தெரிந்த கதை. அது தவறு என்று போப்பாண்டவர் ஏற்றுக்கொண்டது 1992-இல். மிச்ச ஆயுள் முழுவதும் வீட்டுக்காவல். 1634-இல் அருமை மகள் இறந்தாள். பிறகு கண்பார்வையும் போயிற்று. அவ்வளவுக்கும் நடுவில், பதுவாவில் எழுதிவைத்த பழைய தாள்களை எடுத்து நூலாக்கினார். இத்தாலியில் அச்சிட வழியில்லாமல் அது 1638-இல் ஹாலந்தின் லைடன் நகரில் வெளிவந்தது. அதன் நான்காம் பகுதியில் அந்த வளைவின் படம் இருக்கிறது: குறுக்கே சம இடைவெளி, கீழே 1, 4, 9. அச்சான படத்தை அவர் பார்க்கவில்லை. 1642 ஜனவரி 8-ஆம் நாள் காலமானார்.

விழாவுக்கு வந்திருக்கும் பெற்றோர்கள் புறப்படுமுன் ஆறாம் ஆண்டு வகுப்பறைச் சுவரை ஒரு நடை பார்த்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் கையால் வரைந்த வளைவுகளை ஒட்டிவைத்திருக்கிறோம். சிலருடைய உச்சி இன்னும் கூராகத்தான் இருக்கிறது.