வெற்றிடத்தை வசப்படுத்திய வொல்ஃப்காங் கேடே

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. 1945 ஜூன் 24 அன்று மியூனிச் நகரில் தொண்டைக்கரப்பன் நோயால் ஒருவர் இறந்தார். அவருடைய ஆய்வுகூடத்தைக் குண்டுவீச்சு ஏற்கெனவே அழித்திருந்தது. பதவியை அதற்கு முன்பே அரசு பறித்திருந்தது. அவர்தான் இயற்பியலாளர் வொல்ஃப்காங் கேடே.

1878இல் ஜேர்மனியின் பிரேமர்ஹாவன் அருகே பிறந்தவர். ஃப்றைபேர்க்கில் ஆய்வு செய்தபோது அவருக்கு நல்ல வெற்றிடம் தேவைப்பட்டது. அன்றைய பம்பிகள் மிக மெதுவானவை. எனவே தானே பம்பி செய்யத் தொடங்கினார். 1905இல் அவருடைய சுழலும் இரசப் பம்பி வெளிவந்தது. கொலோன் நகரின் லைபோல்ட் நிறுவனம் அதைத் தயாரித்தது.

1915இல் அவர் வெளியிட்ட பரவல் பம்பியில் அசையும் பாகம் எதுவுமில்லை. அடியில் இரசம் கொதித்து ஆவியாகிறது. கலனிலிருந்து தற்செயலாக வந்து சேரும் வளி மூலக்கூறுகளை அந்த ஆவி அடித்துச் செல்கிறது. குளிர்ந்த சுவரில் ஆவி மீண்டும் திரவமாகி அடிக்கு வடிகிறது. சேர்ந்த வளியை இன்னொரு பம்பி வெளியேற்றுகிறது. அந்தத் துணைப் பம்பி முதலில் பெரும்பகுதி வளியை அகற்றாவிட்டால் இது வேலை செய்யாது.

மறு ஆண்டே அமெரிக்கரான லாங்மியூர் இதை மேம்படுத்தினார். 1928இல் இங்கிலாந்தின் பேர்ச் இரசத்துக்குப் பதிலாக எண்ணெயைப் பயன்படுத்தினார். வானொலி வால்வுகள், தொலைக்காட்சிக் குழாய்கள், இலத்திரன் நுணுக்குக்காட்டி, வாகன விளக்குகளின் பளபளக்கும் உட்பூச்சு என்று பலவற்றின் பின்னால் இந்தப் பம்பி இருந்தது. அணுகுண்டுக்காக யுரேனியம் பிரித்த அமெரிக்க ஆலையிலும் இருந்தது. வெற்றிடம் யாருக்கு உதவுகிறது என்று பம்பி கேட்பதில்லை.

1919 முதல் கேடே கார்ல்ஸ்ரூவில் பேராசிரியர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். அரசுக்கு எதிரானவர் என்று அவர்மீது குற்றஞ்சாட்டினார்கள்; பதவி போனது. அவர் வேலையை நிறுத்தவில்லை. 1935இல் இன்னொரு தீர்வைக் கண்டார். சுழற்பம்பிக்குள் நீராவி ஒடுங்கி எண்ணெயைக் கெடுத்துவந்தது. உள்ளே சிறிதளவு காற்றை வேண்டுமென்றே விட்டால் நீராவி ஒடுங்காமலே வெளியேறிவிடும் என்று காட்டினார். எண்ணெயிட்ட சுழற்பம்பிகளில் இன்றும் அந்தச் சிறு வால்வு இருக்கிறது.

ஜேர்மன் வெற்றிடச் சங்கம் இப்போது அவர் பெயரில் பரிசு வழங்குகிறது. பதவியிழந்த மனிதர் அதைக் காண உயிரோடு இல்லை.