ஊக்கியைத் தேடிய ஹேபர்

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கும் எங்களுக்கு பிரிட்ஸ் ஹேபர் என்றால் ஒரு சமன்பாடுதான். நைதரசனும் ஐதரசனும் சேர்ந்தால் அமோனியா, ஊக்கி இரும்பு. அதை மனனம் செய்து வெகுநாள் கழித்துத்தான் அவரது வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

1868 இல் ஜேர்மனியின் பிரெஸ்லோ நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். சில வாரங்களிலேயே தாயை இழந்தார். 1901 இல் அவர் மணந்த கிளாரா இம்மர்வாரும் இரசாயனவியலாளரே. பிரெஸ்லோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண். திருமணத்துக்குப் பின் கிளாராவின் ஆய்வு வீட்டு வேலைக்குள் அடங்கிப் போனது. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

நைதரசன் காற்றில் நிறைய உண்டு. ஆனால் அதன் இரு அணுக்களையும் கட்டியிருக்கும் மும்மைப் பிணைப்பை உடைப்பது பெரும்பாடு. வெப்பத்தைக் கூட்டினால் தாக்கம் விரைவாகும், உண்டான அமோனியாவோ மீண்டும் பிரிந்துவிடும். அதனால் உயர் அமுக்கமும் நல்ல ஊக்கியும் தேவைப்பட்டன. எந்த உலோகம் உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல அன்று வழியில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்த்தார். 1909 இல் ஒசுமியம் கைகொடுத்தது. ஆனால் அது மிக அரிய உலோகம். பின்னர் மிட்டாஷ் என்பவரின் குழு ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, வேறு சில ஒட்சைட்டுகள் கலந்த இரும்பைக் கண்டுபிடித்தது. 1913 இல் ஒப்பாவ் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

இன்று அந்தத் தேடலில் பெரும்பகுதி கணினியில் நடக்கிறது. இலத்திரன்களின் நடத்தையைக் குவாண்டம் இரசாயனவியலால் கணித்து, ஓர் உலோகப் பரப்பு நைதரசனை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று பார்க்கிறார்கள். மொலிப்டினம் அளவுக்கு மிஞ்சி இறுக்கிப் பிடிக்கிறது. நைதரசன் பரப்பை விட்டுப் போவதில்லை. கோபாற்றின் பிடியோ தளர்வு. பிணைப்பு எளிதில் உடைவதில்லை. இரண்டையும் கலந்தால் பிடி நடுவில் அமைகிறது. ஹேபரிடம் இந்தக் கணக்கு இருந்திருந்தால் எத்தனை இரவுகள் மிஞ்சியிருக்கும்!

பிறகு யுத்தம் வந்தது. உரத்துக்கான அமோனியா வெடிமருந்துக்கும் போனது. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர நகருக்கு அருகே குளோரின் வாயு திறந்துவிடப்பட்டபோது அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஹேபரே. பத்து நாட்களில் கிளாரா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மகன் ஹெர்மனுக்கு அப்போது 12 வயது. ஹேபர் விரைவிலேயே போர்முனைக்குத் திரும்பினார். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வாப்பா வயலுக்கு வாங்கி வைத்திருந்த யூரியா மூட்டை முற்றத்தில் கிடந்தது. அதுவும் அவருடைய அமோனியா வழியில் வந்ததுதான்.

1918 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1933 இல் நாசி அரசு யூத ஊழியர்களை நீக்கச் சொன்னபோது பதவியைத் துறந்து நாட்டைவிட்டுப் போனார். மறுவருடம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காலமானார். அவரது விருப்பப்படி, கிளாராவின் அஸ்தியும் அங்கே கொண்டுவரப்பட்டு அவருக்கருகில் வைக்கப்பட்டது.