தென்னாட்டுக் கிரிக்கெட்டின் தந்தை புச்சி பாபு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். விஞ்ஞானிகளைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு விளையாட்டுக்காரரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். அவர் எத்தனை ரன் அடிச்சார் என்பதற்காக இல்லை. அடுத்தவங்க சமமாக நின்று ஆடுவதற்கு என்ன செய்தார் என்பதற்காக. வருகிற கோடை விடுமுறையில் சுற்றுவட்டாரத்து 16 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு நம் மாணவர் பேரவை ஒரு லீக் போட்டி நடத்தலாம் என்று பேச்சு நடக்கிறது. அதற்கு முன்னால் இவர் கதையை நாம் எல்லோரும் ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

என் ஊர் கண்ணமங்கலம். அப்பா பட்டுத்தறி நெய்கிறார், அம்மா தார் சுற்றுவாங்க. எங்க வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான் முதல் ஆள். எங்களுக்குக் கிரிக்கெட் என்றால் அறுப்பு முடிஞ்ச கழனி, டென்னிஸ் பந்து, ஸ்டம்புக்கு மூணு சவுக்குக் கொம்பு. தெருவுக்கே ஒரு மட்டை இருக்கும். மட்டைக்குச் சொந்தக்காரன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை! இது உங்க ஊர்லயும் உண்டு என்று எனக்குத் தெரியும்.

இனி அவர் கதைக்கு வருவோம்.

மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். ஊரே புச்சி பாபு என்றுதான் அழைத்தது. 1868-ல் பிறந்தார். அவருடைய குடும்பம் பெரிய துபாஷ் குடும்பம். துபாஷ் என்றால், வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் நம் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் இரண்டு மொழியும் பேசிக் காரியம் முடித்துக் கொடுப்பவர். அவருடைய தாத்தா பாரி கம்பெனியின் துபாஷாக இருந்து பெரும் செல்வம் சேர்த்தவர். மயிலாப்பூரில் லஸ் ஹவுஸ் என்ற பெரிய மாளிகையில் புச்சி பாபு வளர்ந்தார்.

அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆங்கிலேய ஆயாக்கள் இருந்தார்கள். சாயங்காலத்தில் பிள்ளைகளைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் தொடங்கியது. அது ஐரோப்பியர்களுக்கு மட்டும் உரிய சங்கம். நம் ஆட்கள் அதில் உறுப்பினராக முடியாது. அங்கே ஆடப் போகும் இந்தியர்கள்கூட பெவிலியனுக்குள் உட்கார முடியாது; சாப்பாட்டு இடைவேளையில் மரத்தடிதான் அவர்களுக்கு இடம். வெயிலில் ஒரே மைதானத்தில் ஓடியவர்கள், சோறு என்று வந்தவுடன் இரண்டு ஜாதியாகப் பிரிந்துவிட்டார்கள்.

புச்சி பாபுவுக்குப் பணத்துக்குப் பஞ்சமில்லை. குதிரை ஏறுவார், டென்னிஸ் ஆடுவார். அவர் நினைத்திருந்தால் தன் தோட்டத்திலேயே நண்பர்களுடன் ஆடிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1888-ல், தன் இருபதாவது வயதில், மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்ற சங்கத்தை ஆரம்பித்தார். நம்மில் பலருக்கு இப்போது என்ன வயதோ, ஏறக்குறைய அதே வயது! இந்தியர்கள் ஆடுவதற்கென்று சென்னை எஸ்பிளனேடு பகுதியில் அந்தச் சங்கம் நடந்தது.

சங்கம் ஆரம்பித்துப் பெயர்ப்பலகை மாட்டினால் போதுமா? ஆட வருகிற இளைஞர்களிடம் மட்டை இல்லை, பந்து இல்லை, வெள்ளை உடுப்பு இல்லை. அதையெல்லாம் புச்சி பாபு தன் கைக்காசில் வாங்கித் தந்தார். லஸ் ஹவுஸ் தோட்டத்தில் வலை கட்டிப் பயிற்சி கொடுத்தார். திறமை உள்ளவனைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். தறி வாங்க முடியாதவனிடம் போய் நீ ஏன் நெய்யவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. முதலில் தறி கொடுக்க வேண்டும். இது நெசவாளி வீட்டுப் பிள்ளையான எனக்கு நன்றாகவே புரிகிறது.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. தனக்கென்று தனிச் சங்கம் வந்துவிட்டதே, இனி அவர்கள் பக்கம் போவானேன் என்று அவர் ஒதுங்கவில்லை. ஒதுக்கியவர்களையே ஆட்டத்துக்கு அழைத்தார். இந்தியர் பதினொரு பேர், ஐரோப்பியர் பதினொரு பேர், வருடம் ஒருமுறை ஒரே மைதானத்தில், ஒரே விதியில் மோத வேண்டும் என்பது அவர் யோசனை. ஐரோப்பியர் தரப்பில் பார்ட்ரிட்ஜ் என்ற வக்கீல் அதற்கு ஒத்துழைத்தார். 1908 டிசம்பரில் ஆட்டம் என்று முடிவானது.

இருபது வருட உழைப்பு பலிக்கப் போகிற நேரத்தில் விதி குறுக்கிட்டது. ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்னால் புச்சி பாபு காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். எந்த ஆட்டத்துக்காக அத்தனை பாடுபட்டாரோ, அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

ஆனால் காரியம் நிற்கவில்லை. அவருடைய சீடர் பி.சுப்பிரமணியம் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அந்த ஆட்டம் மெட்ராஸ் பிரசிடென்சி மேட்ச் என்ற பெயரில் வளர்ந்தது. 1915 முதல் அதற்கு முதல்தர ஆட்டம் என்ற தகுதி கிடைத்தது. பிறகு பொங்கல் சமயத்தில் நடக்கிற திருவிழாவாகி, 1952 வரை நடந்தது. 1934-ல் நம் நாட்டின் முதல் ரஞ்சி ஆட்டம் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்ததே, அதுவும் இதே சேப்பாக்கத்தில்தான். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன் என்ற நம் ஆள். ஒரு காலத்தில் மரத்தடியில் உட்காரவைத்த மைதானம் அது!

அவருடைய பிள்ளைகளும் ஆட்டக்காரர்களே. அவர்களில் சி.ராமஸ்வாமி 1922-ல் டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடினார். 1936-ல் நாற்பதாவது வயதில் இங்கிலாந்தில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று ரன் எடுத்தார். புச்சி பாபு பெயரில் நடக்கும் போட்டி பல மாநில அணிகள் வந்து ஆடும் பெரிய போட்டியாக வளர்ந்தது. நடுவில் சில வருடம் நின்றுபோய், 2023-ல் மறுபடியும் ஆரம்பமானது.

புச்சி பாபு எதிர்த்தது நிறத்தின் பேரால் வந்த பாகுபாட்டை. அதே காலத்தில் பூனாவில் பல்வங்கர் பாலு (1876–1955) என்ற சுழற்பந்து வீரர் இருந்தார். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. கிளப் மைதானத்தைப் பராமரிக்க மாதம் நாலு ரூபாய் சம்பளம். அவர் வீசின பந்தை எல்லோரும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண் கோப்பையில் டீ. 1911-ல் இங்கிலாந்துக்குப் போய் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தும், பம்பாயின் நான்கு அணிப் போட்டியில் இந்து அணிக்கு அவரைத் தலைவராக்கவே இல்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் அந்த இடம் கிடைத்தது. ஆக, மரத்தடியை வைத்தவன் வெள்ளைக்காரன் மட்டும் இல்லை என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். போன வருஷம் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த டோர்னமென்டுக்கு ஸ்கோர் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காலனிப் பையன்கள் அணி மற்றவர்களைப் போலவே நுழைவுக் கட்டணம் கட்டி, இரண்டு ஆட்டம் ஜெயித்து அரையிறுதிக்கு வந்தது. மத்தியானம் எல்லா அணிக்கும் பந்தலில் டம்ளர் வைத்தார்கள். இவர்களுக்கு மட்டும் தள்ளி நிற்கச் சொல்லி கையில் தண்ணீர் ஊற்றினார்கள். பையன்கள் சத்தம் போடவில்லை. மட்டையை எடுத்துக்கிட்டு நடந்தே ஊருக்குப் போய்விட்டார்கள். நோட்டில் எதிரணி வெற்றி என்று எழுதச் சொன்னார்கள். ஆடாமல் போய்விட்டார்கள் என்றுதான் நான் எழுதினேன். அந்த அணியில் பதினாலு வயசுப் பையன் ஒருவன் இரண்டு ஆட்டத்தில் ஒன்பது விக்கெட் எடுத்திருந்தான். அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் அவனை நான் பார்க்கவில்லை.

நம் பேரவை நடத்தப் போகும் லீக்கில் அவனும் பந்து போட வேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் புச்சி பாபு வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, சாப்பாடும் தண்ணீரும். ஒரே பந்தல், ஒரே பானை, ஒரே டம்ளர். பரிமாறுவது நம் பேரவை உறுப்பினர்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத அணி வேண்டாம்.

இரண்டாவது, ஆட்டச் சாமான். மட்டை, பேட், கிளவுஸ், ஹெல்மெட் இரண்டு செட் பேரவையே வாங்கி மைதானத்தில் வைக்க வேண்டும். சொந்தமாக இல்லாதவன் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தீர்ப்பு. ஆடுகிற இரண்டு அணிக்கும் சம்பந்தமில்லாத அம்பயர் இருக்கணும். வயதுக்குப் பள்ளிச் சான்றிதழ் பார்க்கணும். மீசை முளைத்த ஆளைப் பதினைந்து வயது என்று இறக்குவது சின்னப் பையன்களை ஏமாற்றுவது மட்டும் இல்லை, அவர்களுக்கு ஆபத்தும்கூட. மழை வந்தால் என்ன, சமநிலை வந்தால் என்ன என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். அப்புறம் யாருக்காகவும் மாற்றக் கூடாது.

நான்காவது, பாதுகாப்பு. பெரியவர்கள் ஆடும் தோல் பந்து 163 கிராம் வரை இருக்கும். பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் பந்துதான் விதி. 1998-ல் இந்திய வீரர் ராமன் லம்பா டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் ஹெல்மெட் போடாமல் மட்டைக்குப் பக்கத்தில் நின்றார். பந்து தலையில் பட்டு மூன்றாம் நாள் இறந்துபோனார். டெஸ்ட் ஆடியவருக்கே அந்தக் கதி. ஆகவே தோல் பந்து என்றால் ஹெல்மெட் கட்டாயம், பக்கத்தில் நிற்கிற ஃபீல்டருக்கும் சேர்த்து. தலையில் அடிபட்டவன் நல்லா இருக்கேன் என்று சொன்னாலும் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். வேகப்பந்து வீசும் பையனுக்கு ஒரே மூச்சில் ஐந்து ஓவருக்கு மேல் தர வேண்டாம். கோடை மழையில் மின்னலைப் பார்த்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்று முதலாண்டில் படித்தோமே, கணக்குப் போட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப ஆடணும்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்று சிலர் கேட்கலாம். இறுதி ஆட்டத்துக்குப் பெரிய கோப்பை வாங்கும் காசைக் குறைத்தால் இரண்டு ஹெல்மெட் வந்துவிடும். கோப்பை ஒரு அணி வீட்டுக்குத்தான் போகும். ஹெல்மெட் எல்லாப் பையன் தலைக்கும் உதவும்.

புச்சி பாபு பெரிய மாளிகையில் பிறந்தவர். நம்மில் பலர் ஓட்டு வீட்டிலிருந்தும் குடிசையிலிருந்தும் வந்தவர்கள். அவரிடம் இருந்த செல்வம் நம்மிடம் இல்லை. ஆனால் ஒரே மைதானம், ஒரே விதி, ஒரே பந்தி என்று சொல்வதற்குச் செல்வம் தேவையில்லை, மனசு இருந்தால் போதும். பேரவைக் கூட்டத்தில் லீக் போட்டி விஷயம் வரும்போது நண்பர்கள் இந்த நான்கையும் தீர்மானமாகவே நிறைவேற்றித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆட்டத்துக்கான அழைப்பைக் காலனிப் பையன்களிடம் நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.