மைதானமும் மண்குவளையும்: பல்வங்கர் பாலு

நுழையும்முன்

ஆடுகளத்தில் திறமை ஒன்றே அளவுகோல் என்பர். ஆயினும், சமூகத்தில் நிலவும் ஏற்றத்தாழ்வுகள் மைதானத்தின் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுவதில்லை. இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்கக் காலத்தில் தம் சுழற்பந்து வீச்சால் புகழ்பெற்ற ஒருவரின் வாழ்க்கை இவ்வுண்மையை நமக்கு உணர்த்துகிறது.

களம் காத்தவர்

பாலு 1876ஆம் ஆண்டு, இன்றைய கர்நாடக மாநிலத்திலுள்ள தார்வாடில் பிறந்தார். தோல்தொழிலோடு பிணைத்துப் பார்க்கப்பட்டு, தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். தந்தையார் ஆங்கிலேயர் படையில் பணிபுரிந்தார். புனேயில், படை அலுவலர்கள் கழித்துப்போட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினர்.

வறுமை காரணமாகப் பாலு, பார்சிகளின் கிரிக்கெட் மன்றமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டும் பணியில் மாதம் 3 ரூபாய் ஊதியத்திற்குச் சேர்ந்தார். பின்னர், ஐரோப்பியர்களுக்கு உரிய புனே மன்றத்தில் 4 ரூபாய் ஊதியம் பெற்றார். களத்தைச் சீர்செய்வதும் பயிற்சிக்கு வலை கட்டுவதும் அங்கே இவர்தம் கடமைகள். வலைப்பயிற்சியில் பந்து வீசும் வாய்ப்பும் அங்கேதான் கிட்டியது. புகழ்பெற்ற மட்டையாளரான கிரெய்க் என்னும் ஆங்கிலேய அலுவலர், தம்மை ஒவ்வொரு முறை ஆட்டமிழக்கச் செய்யும்போதும் 8 அணா வழங்கினார் எனக் கூறுவர். இடக்கையால் பல மணி நேரம் பந்து வீசி வீசியே பாலு தேர்ச்சி பெற்றார். ஆனால், மட்டையைப் பிடிக்கும் வாய்ப்பு இவருக்கு அளிக்கப்படவில்லை.

ஒரே பந்து, வேறு குவளை

அக்காலத்தில் கிரிக்கெட் அணிகள் சமய, இன அடிப்படையில் அமைந்திருந்தன. ஐரோப்பியரை வெல்ல விரும்பிய புனே இந்து அணியினருக்குப் பாலுவின் பந்துவீச்சு தேவைப்பட்டது. அவரைத் தொடுவதற்கோ மனம் ஒப்பவில்லை. நெடிய விவாதத்திற்குப் பின்னரே அவரைச் சேர்த்துக்கொண்டனர்.

மைதானத்தில் பாலு தொட்ட பந்தையே மற்றவர்களும் தொட்டனர். அப்பந்தும் தோலால் ஆனதுதான்! தேநீர் இடைவேளையிலோ ஏனையோர் கூடத்தினுள் அமர்ந்து பீங்கான் கோப்பைகளில் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உண்பதற்குத் தனித்தட்டு, தனி இடம். முகம் கழுவ நீர் கொண்டுவரவும் அவரைப் போலவே ஒதுக்கப்பட்ட ஒரு பணியாள். வெற்றிக்குத் தேவைப்பட்ட கைகள், உணவு மேசையில் தீட்டாகக் கருதப்பட்டன. பாலுவோடு இணைந்து ஆடுவோர் அவரோடு உண்ணவும் வேண்டும் எனச் சமூகச் சீர்திருத்தவாதி எம். ஜி. ரானடே வலியுறுத்தினார்.

வெற்றியும் மறுப்பும்

பின்னர்ப் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள இந்து அணியில் இடம்பெற்றார். அங்கே உணவுக்கூடத்தின் கதவு அவருக்குத் திறந்தது. 1906ஆம் ஆண்டு இந்து அணி ஐரோப்பிய அணியை 109 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது. அவ்வெற்றியில் பாலுவின் பங்கு பெரிது.

1911ஆம் ஆண்டு பாட்டியாலா மன்னரின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அவ்வணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றபோதும் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

இத்தகைய திறமையாளருக்கு அணித்தலைமை மட்டும் வழங்கப்படவே இல்லை. உழைக்க ஏற்றவர் என ஒப்புக்கொண்ட சமூகம், ஆணையிட ஏற்றவர் என ஒப்புக்கொள்ளவில்லை. 1920ஆம் ஆண்டு பாலு அணியிலிருந்து நீக்கப்பட்டார். தலைமைப் பொறுப்பும் அவர்தம் குடும்பத்தாருக்கு மறுக்கப்பட்டது. தம்பியர் சிவராமும் விட்டலும் இதனை வெளிப்படையாக எதிர்த்து அணியிலிருந்து விலகினர். எதிர்ப்பு வலுக்கவே, இறுதிப் போட்டியில் பாலு துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். அணித்தலைவர் பை தாமே சிறிது நேரம் களத்தை விட்டு வெளியேறிப் பாலு அணியை வழிநடத்த வழிவிட்டார். 1923ஆம் ஆண்டு விட்டல் அணித்தலைவரானார். அவ்வாண்டு இந்து அணியே வாகை சூடியது. அண்ணனுக்கு மூடியிருந்த கதவு தம்பிக்குத் திறந்தது.

பொதுவாழ்வு

அம்பேத்கர் தம் இளமைக் காலத்தில் பெரிதும் மதித்த ஆளுமை பாலு. 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோருடன் பாலுவும் கையொப்பமிட்டார். எனினும் அரசியலில் இருவர் வழிகளும் வேறாயின. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரசு சார்பில் போட்டியிட்ட பாலு, ஏறத்தாழ 2000 வாக்குகள் வேறுபாட்டில் தோற்றார்.

33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட்டுகளை வீழ்த்திய பாலு, 1955ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் பம்பாயில் மறைந்தார். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த மண்குவளை எழுப்பிய கேள்விக்குப் பாலு தம் பந்தால் விடை தேடினார். திறமை மைதானத்தின் கதவைத் திறந்தது. மற்றக் கதவுகளைத் திறக்க மனச்சான்றும் எதிர்ப்புக் குரலும் தேவைப்பட்டன.

கற்பவை கற்றபின்

1. பாலுவின் திறமையை ஏற்றவர்கள் அவர்தம் தலைமையை ஏற்கத் தயங்கியது ஏன் என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. இன்றைய விளையாட்டுக் களங்களில் காணப்படும் வேறுபாடுகளையும் அவற்றைக் களையும் வழிகளையும் கட்டுரையாக எழுதுக.