கண் இல்லாமல் தேனீயைக் கண்டவர்

சம்பா அறுவடை முடிந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களில் உளுந்தும் பயறும் பூத்திருக்கின்றன. இன்னும் சில நாளில் புங்கும் வேம்பும் பூத்துவிடும். தேனீக்களுக்கு இது நல்ல காலம். கொல்லையில், தென்னை நிழலில், தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கோ இது கவலைக் காலம்!

நேற்று வரை பெட்டி கொள்ளாமல் இருந்த தேனீக்கள், இன்று வெயில் ஏறியதும் பேரிரைச்சலோடு வெளியே கொட்டுகின்றன. வானத்தில் சுழன்று சுழன்று பறக்கின்றன. பிறகு பக்கத்து மாங்கிளையில் பலாப்பழம் போலத் தொங்குகின்றன. வீட்டுக்காரர் கூடை தேடி ஓடுவதற்குள் அங்கிருந்தும் கிளம்பிவிடுகின்றன. போனது போனதுதான். பாதித் தேனீ போனால் தேனும் போச்சு.

இதைத்தான் குடி பிரிதல் என்கிறார்கள். வெளியே போவது யார்? வீட்டில் தங்குவது யார்? எதற்காகப் பிரிகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குச் சரியான விடை கண்டவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு மேல்நாட்டுக்காரர். பெயர் பிரான்சுவா ஹூபர். ஊர் ஜெனீவா.

அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது!

பதினைந்து வயதில்

ஜெனீவா இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அன்று அது தனிக் குடியரசு. அங்கே ஒரு வசதியான குடும்பத்தில் 1750-ஆம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி ஹூபர் பிறந்தார். தகப்பனார் ஜான் ஹூபர் பெயர் பெற்ற ஓவியர். காகிதத்தைக் கத்தரித்தே உருவங்கள் செய்வதில் மகா கெட்டிக்காரர். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்கு நண்பர். பறவைகளைக் கவனிப்பதிலும் அவருக்கு ஆசை உண்டு. அந்த ஆசைதான் மகனுக்கும் வந்தது.

பையன் படிப்பில் புலி. இரவில் மங்கிய வெளிச்சத்திலும் விடாமல் படிப்பான். பதினைந்து வயதில் உடம்பு கெட்டது. கண்ணும் மங்கத் தொடங்கியது. தகப்பனார் பயந்துபோய் பாரிஸ் நகரத்துக்கு அழைத்துச் சென்றார். பெரிய வைத்தியர்களிடம் காட்டினார். உடம்பு தேறுவதற்காகப் பக்கத்து கிராமத்தில் தங்க வைத்தார்கள். அங்கே பையன் ஏர் ஓட்டினான். குடியானவர் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டான். உடம்பு தேறியது. கண் தேறவில்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கண் வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

காத்திருந்த பெண்

கண் முழுவதும் போவதற்கு முன்பே ஹூபர் ஒரு பெண்ணைக் கண்டு மனத்தைக் கொடுத்திருந்தார். அவள் பெயர் மரி எமே லுல்லன். இருவரும் ஒரே இடத்தில் நடனம் கற்றவர்கள். பெண்ணின் தகப்பனார் குடியரசின் பெரிய அதிகாரி. குருடாகப் போகிறவனுக்குப் பெண் தர எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? அவரும் சம்மதிக்கவில்லை.

பையனும் லேசுப்பட்டவன் அல்லன். பார்வை குறைந்துகொண்டே போனபோதும், அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் மறைத்துப் பார்த்தான். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்?

பெண் உறுதியாக இருந்தாள். தகப்பனாரோடு சண்டை போடவில்லை; வீட்டை விட்டு ஓடவும் இல்லை. அந்த ஊர்ச் சட்டப்படி 25 வயது ஆனால் பெண் தன் இஷ்டப்படி மணந்துகொள்ளலாம். அந்த வயது வரும் வரையில் காத்திருந்தாள். 1776-ஆம் ஆண்டில் ஹூபரை மணந்தாள்.

நாற்பது ஆண்டு அவருக்குக் கண்ணாக இருந்தாள். படித்துக் காட்டினாள், அவர் சொல்ல எழுதினாள். அவள் உயிரோடு இருந்தவரை, குருடாக இருப்பது ஒரு குறையாகவே தமக்குத் தோன்றவில்லை என்று ஹூபர் முதுமையில் நண்பர்களிடம் சொல்லிக்கொள்வாராம். தேனீ ஆராய்ச்சியை விட இதைப் பெரிதாக நினைக்கிறவர்களும் இருக்கலாம்.

வேலைக்காரர் பர்னன்

ஹூபர் வீட்டில் பிரான்சுவா பர்னன் என்று ஒரு வேலைக்காரர் இருந்தார். கிராமத்துக் குடியானவர். எஜமானுக்குப் புத்தகம் படித்துக் காட்டுவதும் அவருடைய வேலைகளில் ஒன்று. ரோமர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பூச்சிகளைப் பற்றி எழுதிய பெரிய நூல்களைப் படித்தபோது, எஜமானுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பர்னன் வெறுமனே படிக்கவில்லை, புரிந்துகொண்டு படிக்கிறார், கேள்வியும் கேட்கிறார்!

இருவருமாக ரோமர் செய்த சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். விடை சரியாக வந்தது. அதன் பிறகுதான் புதிய சோதனைகளில் இறங்கினார்கள்.

வேலை நடந்த விதம் இதுதான். ஹூபர் யோசிப்பார். பர்னன் செய்து பார்ப்பார், கண்டதைச் சொல்வார். ஹூபர் வக்கீல் மாதிரிக் குறுக்குக் கேள்வி போடுவார். தம் மனத்தில் படம் தெளிவாக விழும் வரை விடமாட்டார். பிறகு வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லி, இரண்டையும் ஒத்துப் பார்ப்பார். கண் உள்ளவர்கள் தாங்கள் ஒருவராகப் பார்த்ததையே நம்பி எழுதுகிறார்கள். நானோ பல சாட்சிகளை விசாரித்தல்லவா எழுதுகிறேன் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். அதில் நியாயம் இருக்கிறது.

பர்னனின் பொறுமைக்கு ஓர் உதாரணம் போதும். ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக இரண்டு கூடுகளில் இருந்த தேனீக்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கையால் பிடித்தால் கொட்டாதா? கொட்டும். பர்னன் பதினொரு நாள் உட்கார்ந்து பார்த்து முடித்தார். கண்ணுக்கு ஓய்வு தர வேண்டிய நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதே வேலை!

இந்த உழைப்பை ஹூபர் மறைக்கவில்லை. தம் புத்தகத்தின் முகப்பிலேயே பர்னன் பெயரைச் சொல்லி, பெருமை அவருக்கும் உரியது என்று எழுதினார். வேலைக்காரன் பெயரை எஜமான் புத்தகத்தில் போடுவது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை.

புத்தகம் போல ஒரு கூடு

அன்று ஐரோப்பாவில் வைக்கோல் கூடைகளில்தான் தேனீ வளர்த்தார்கள். உள்ளே நடப்பது தெரியாது. தேன் வேண்டுமென்றால் கந்தகப் புகை போட்டுத் தேனீக்களைக் கொன்று எடுப்பார்கள். கண்ணாடி வைத்த கூடுகளும் இருந்தன. அவற்றில் அடைகள் வரிசையாக இருப்பதால், ஓரத்து அடை மட்டும் தெரியும்; நடுவில் நடப்பது தெரியாது.

ஹூபர் ஒரு யுக்தி செய்தார். ஒவ்வோர் அடைக்கும் ஒரு மரச்சட்டம். சட்டங்களைப் புத்தகத்தின் ஏடுகள் போல ஒரு பக்கத்தில் கீல் வைத்துச் சேர்த்தார். எந்த ஏட்டை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். மெதுவாகத் திறந்தால் தேனீக்கள் அவ்வளவாகச் சீறுவதும் இல்லை. 1789-ஆம் ஆண்டிலேயே இந்த 'ஏட்டுக் கூடு' தயாராகிவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஹூபர் ஒரு பெரிய புதிரை விடுவித்திருந்தார். ராணித் தேனீ எப்படிக் கருவுறுகிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஆண் தேனீக்களின் வாசனையே போதும் என்றார் ஒருவர். மீன்களைப் போல முட்டைகளின் மேல்தான் ஆண் சத்து விழுகிறது என்றார் இன்னொருவர். ஹூபரும் பர்னனும் கூட்டின் வாசலில் காத்திருந்தார்கள். இளம் ராணி வெளியே பறந்து போய், ஆணோடு கூடிய அடையாளத்துடன் திரும்பி வருவதைக் கண்டார்கள். கலியாணம் கூட்டுக்குள் நடப்பதில்லை, ஆகாயத்தில் நடக்கிறது! ஒரு முறை கூடினால் போதும் என்று ஹூபர் நினைத்தார். அது சரியில்லை. ராணி பத்துக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுகிறது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

வீட்டை விடுவது தாய்தான்!

இப்போது குடி பிரியும் விஷயத்துக்கு வருவோம்.

நம் வீடுகளில் பிள்ளைக்குக் கலியாணம் ஆனால் சிறிசுகள் தனிக்குடித்தனம் போவார்கள். பெரியவர்கள் பழைய வீட்டிலேயே இருப்பார்கள். தேனீக்களும் அப்படித்தான், இளம் ராணி படையோடு வெளியேறுகிறது என்றுதான் வெகு பேர் நினைத்திருந்தார்கள்.

ஹூபர் கண்டது நேர் எதிர். முதல் கூட்டத்தோடு வெளியேறுவது கிழட்டு ராணி. கட்டின வீடு, சேர்த்த தேன், வளரும் குஞ்சு எல்லாவற்றையும் மகளுக்கு விட்டுவிட்டுத் தாய் வெளியே போகிறாள்! அவளோடு கூட்டத்தில் பாதிக்கு மேல் போய்விடும். போகும்போது வயிற்றில் கொஞ்சம் தேனை மட்டும் நிரப்பிக்கொள்ளும். மகள் அப்போது இன்னும் அறையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டாள்.

அதோடு முடிவதில்லை. முதலில் வெளிவரும் இளம் ராணி, மற்ற ராணி அறைகளைக் குத்திக் கொல்லப் பார்க்கும். கூட்டில் தேனீ குறைவாக இருந்தால் வேலைக்காரத் தேனீக்கள் அதைத் தடுப்பதில்லை. கூட்டம் இன்னும் நெருக்கமாக இருந்தால் கதை வேறு. அறைகளைச் சுற்றி அவை காவல் நிற்கும். உள்ளே இருக்கும் ராணிகளைச் சிறை வைத்தது போல அடைத்து, சின்னத் துளை வழியாக உணவு ஊட்டும். வெளியே இருக்கும் ராணி குழல் ஊதுவது போல ஒலி எழுப்பும். உள்ளே இருப்பவை பதில் கொடுக்கும். அது கேட்டால் இரண்டாவது கூட்டமும் கிளம்பப் போகிறது என்று பொருள். இவற்றையெல்லாம் ஹூபர் விவரமாக எழுதிவைத்தார்.

ஜெனீவாவில் ஹூபர் பார்த்தது ஐரோப்பியத் தேனீ. நம் கொல்லையில் இருப்பது அடுக்குத் தேனீ. உருவத்தில் கொஞ்சம் சிறியது. குடி பிரிவதில் அதைவிட வேகம். வழக்கம் ஒன்றுதான்.

இது தெரிந்தால் என்ன லாபம்? நிறைய உண்டு. பெட்டியில் ஆண் தேனீக்கள் பெருகினால் அது முதல் அடையாளம். அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை போல ராணி அறைகள் தொங்கினால் இரண்டாவது அடையாளம். அந்த அறைகளின் வாய் மூடிவிட்டால் நாள் நெருங்கிவிட்டது. ஆகையால் இந்தப் பருவத்தில் வாரம் ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் மேல் அறை வைக்கலாம். ராணி அறைகளை மட்டும் கிள்ளிப் போடுவது அவ்வளவு பலன் தராது. பிரிய நினைத்த கூட்டம் மறுபடி கட்டும்.

அதைவிட நல்ல வழியை ஹூபரே காட்டினார். அவை தாமாகப் பிரிவதற்கு முன் நாமே பிரித்துவிடுவது! ஏட்டுக் கூட்டை நடுவில் திறந்து இரண்டாக்கினார். ஒரு பாதியில் ராணி இருக்கும். மறு பாதியில் இருக்கும் தேனீக்கள், இளம் புழு ஒன்றுக்கு ராணி உணவு கொடுத்துப் புது ராணியை வளர்த்துக்கொள்ளும். இன்று கொல்லையில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பழைய ராணியையும் சில அடைகளையும் புதுப் பெட்டிக்கு மாற்றுகிறார்கள். பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை விட்டு வைக்கிறார்கள். ஓடிப் போக வேண்டிய கூட்டம் அடுத்த பெட்டியாக வீட்டிலேயே நிற்கிறது.

மாங்கிளையில் தொங்கிவிட்டாலும் பதற வேண்டாம். வயிறு நிறையத் தேன் இருப்பதால் அப்போது அவை அதிகம் கொட்டுவதில்லை. தண்ணீர் தெளித்தால் அடங்கும். கூடையில் உதறிப் பிடித்து, சாயங்காலம் பெட்டியில் விடலாம். புழு உள்ள அடை ஒன்றை உள்ளே வைத்தால் அவை தங்கிவிடும்.

சட்டம் வந்த வழி

ஹூபரின் புத்தகம் 1792-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜெனீவாவில் இருந்த சார்லஸ் போன்னே என்ற விஞ்ஞானிக்கு எழுதிய கடிதங்களாக அது இருக்கிறது. போன்னேக்கும் கண் பார்வை குறைவு என்பது விசித்திரம்!

அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் அதைப் படித்தார். ஹூபர் கூட்டைச் செய்து பார்த்தார். 1851-ஆம் ஆண்டில், தேனீ நடமாடும் அளவு இடைவெளி விட்டால் அது அங்கே மெழுகு வைத்து அடைக்காது என்று கண்டு, தூக்கி எடுக்கும் சட்டப் பெட்டியைச் செய்தார். 1910 வாக்கில் நியூட்டன் பாதிரியார் நம் அடுக்குத் தேனீக்கு ஏற்ற அளவில் சிறிய பெட்டி அமைத்தார். 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பலருக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். 'நியூட்டன் பெட்டி' இன்றும் தமிழ்நாட்டில் புழக்கத்தில் இருக்கிறது.

கடைசிக் காலம்

பதினைந்து ஆண்டு கூட இருந்த பர்னன் ஒரு நாள் விடைபெற்றுத் தம் ஊருக்குப் போனார். அங்கே அவருக்கு மாஜிஸ்டிரேட் பதவி கிடைத்தது! வேலைக்காரராக வந்தவர் நீதி சொல்லும் இடத்தில் உட்கார்ந்தார். குறுக்குக் கேள்வி கேட்கும் வித்தையை அவர் யாரிடம் கற்றார் என்று சொல்லத் தேவையில்லை.

ஹூபருக்கு மறுபடியும் கண் போனது மாதிரிதான். மனைவி கை கொடுத்தாள். மகன் பியேரும் வளர்ந்து துணைக்கு வந்தான். பிற்காலத்தில் எறும்புகளைப் பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவன் அவன். தேனீக்குச் சர்க்கரை மட்டும் கொடுத்து அடைத்து வைத்தாலும் அது மெழுகு செய்கிறது. மகரந்தம் மட்டும் கொடுத்தால் செய்வதில்லை என்று ஹூபர் கண்டார். மெழுகு பூவிலிருந்து வருகிறது என்ற பழைய எண்ணம் போயிற்று. இந்த விஷயங்களும் சேர்ந்து 1814-ஆம் ஆண்டு புத்தகம் இரண்டு பாகமாக வெளிவந்தது.

தோட்டத்தில் ஹூபர் தனியாகவே உலாவுவார். நடைபாதை ஓரம் கயிறு கட்டி, அங்கங்கே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். முடிச்சைத் தடவினால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

மனைவி இறந்த பிறகு லோசான் நகரில் மகளோடு தங்கினார். அங்கே அவருக்கு மெக்சிகோ நாட்டிலிருந்து ஒரு வினோதமான பரிசு வந்தது. கொட்டாத தேனீக்கள்! நம் ஊர்ச் சுவர்ப் பொந்துகளில் இருக்கும் கொசுத் தேனீயின் இனம். எண்பது வயதுக் கிழவர் அவற்றைப் பற்றியும் ஆவலோடு விசாரித்தார். 1831-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 81.